மாநிற முகமும் கறுப்பு வெள்ளை ஃபிலிமும்

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கத்து வீடுகளில் மாட்டியிருக்கும் அறுபது எழுபதுகளின் ஸ்டூடியோ படங்களில் முகமெல்லாம் ஒரே வெளுப்பாக இருக்கும். காலமெல்லாம் வயலில் நின்று கறுத்த மனிதரும் அதில் வெளுத்துத்தான் தெரிவார். காரணம் மூன்று. உட்காருவதற்கு முன் முகத்தில் பவுடர், நேர் எதிரே பெரிய ஃப்ளட் விளக்குகள், ஃபிலிமைக் கழுவிய (டெவலப் செய்த) பிறகு நெகட்டிவில் பென்சில் ரீடச்சிங். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். அன்றைக்கு வாடிக்கையாளர் கேட்டது அது, ஸ்டூடியோக்காரர் செய்து கொடுத்தார். கையில் இருந்த ஃபிலிமுக்கு அந்த முகத்தை அதன் நிறத்திலேயே, ஒவ்வொரு சுருக்கத்தோடும் காட்டும் திறமை அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. மாநிறத்தையும் கறுப்பையும் வெளுக்காமல், அதே சமயம் இருட்டில் முங்கவும் விடாமல் எடுப்பது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. காவிரிப் பாசன ஊர்களின் வீடு, வெளிச்சம், தண்ணீர், சூடு எல்லாவற்றையும் கணக்கில் வைத்தே எழுதுகிறேன்.

கேமராவிலிருந்து தொடங்கலாம். போர்ட்ரெய்ட்டுக்கு நான் முதலில் சொல்வது இரட்டை லென்ஸ் கேமரா, மேலே பார்ப்பதற்கு ஒரு லென்ஸ், கீழே எடுப்பதற்கு ஒரு லென்ஸ். யாஷிகா மேட் 124ஜி, ரோலிகார்டு, மாமியா சி330, சீனத் தயாரிப்பான சீகல், எதுவானாலும் சரி. இடுப்பு உயரத்தில் வைத்துக் குனிந்து பார்க்கும் கேமரா இது. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் முகம் மறையாது, பேசிக்கொண்டே எடுக்கலாம். கண்ணாடி மேலெழும் சத்தம் கிடையாது, ஷட்டர் ஒரு சின்ன 'டிக்' போடும், அவ்வளவுதான். 120 என்ற அகல ஃபிலிமில் 12 படம். நெகட்டிவின் பரப்பு 35 மி.மீ. நெகட்டிவைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். தோலின் நுணுக்கம் முழுக்க இந்தப் பரப்பில்தான் வருகிறது. 35 மி.மீ. தான் கையில் இருக்கிறது என்றால் பெண்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்.எம்.2 போன்றவை போதும். லென்ஸ் மட்டும் 85-லிருந்து 135 மி.மீ.க்குள் இருக்கட்டும். 50 மி.மீ. லென்ஸை வைத்து முகத்தருகே போனால் மூக்கு பெருத்து காது பின்னால் ஓடிவிடும்.

பழைய கேமரா வாங்கும்போது இந்தப் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சை. பின்கதவைத் திறந்து, ஷட்டரை 'பி'யில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, முன்னால் இருந்து டார்ச் அடியுங்கள். லென்ஸுக்குள் சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டிருந்தால் பூஞ்சை. ஓரத்தில் மெல்லிசாக இருந்தால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்துகொள்ளலாம். கண்ணாடிப் பூச்சை அரித்திருந்தால் விட்டுவிடுங்கள், படம் எப்போதும் மங்கலாகவே வரும். அடுத்தது மெதுவான வேகங்கள். 1 விநாடி, 1/2, 1/4, 1/8 நான்கையும் தனித்தனியாக அழுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள். உள்ளே கிரீஸ் இறுகிப் போயிருந்தால் பாதியில் இழுத்து நிற்கும். பின்கதவு ஓரத்து ஃபோம் பிசுபிசுவென்று கருப்புத் தாரைப் போல ஒட்டினால் மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஃபிலிம் ஓரத்தில் வெளிச்சம் கசியும்.

பலர் விட்டுவிடும் சோதனை ஒன்று உண்டு. பார்க்கும் லென்ஸும் எடுக்கும் லென்ஸும் ஒரே இடத்தில் ஃபோகஸ் ஆகின்றனவா? ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் ஒரு துண்டு டிரேசிங் பேப்பரை இழுத்து ஒட்டுங்கள். ஸ்டாண்டில் வைத்து, ஷட்டரை 'பி'யில் திறந்து, ஒன்றரை மீட்டர் தூரத்தில் தொங்கும் காலண்டரின் தேதியை மேலே ஃபோகஸ் செய்யுங்கள். பின்னால் பேப்பரிலும் அதே தேதி கூர்மையாக விழ வேண்டும். விழவில்லை என்றால் எவ்வளவு கவனமாக ஃபோகஸ் செய்தாலும் கண் மங்கி காது கூர்மையாக வரும். யாஷிகா மேட்டில் இன்னொன்று: 1/500 வேண்டுமென்றால் ஃபிலிமைச் சுற்றுவதற்கு முன்பே வைத்துவிடுங்கள். சுற்றிய பிறகு அந்த வேகத்துக்குத் திருப்பினால் ஷட்டரின் ஸ்பிரிங்குக்குக் கேடு.

124ஜி-யின் லைட் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது. அந்த பேட்டரி இப்போது வருவதில்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் முள் கூடுதல் வெளிச்சம் இருப்பதாகக் காட்டும். அதை நம்பி எடுத்தால் படத்துக்கு வெளிச்சம் போதாது, மாநிற முகத்துக்கு இதைவிடக் கெடுதல் வேறு இல்லை. காது கேட்கும் கருவிகள் விற்கும் கடையில் 675 என்ற எண்ணில் ஒரு பொத்தான் பேட்டரி கிடைக்கும். 1.4 வோல்ட், கிட்டத்தட்டச் சரியாகக் காட்டும். சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட்டால் ஆடாமல் உட்காரும். ஸ்டிக்கரைக் கிழித்த பிறகு சில வாரம்தான் உழைக்கும். இதெல்லாம் வேண்டாம் என்றால் கையில் பிடிக்கும் தனி மீட்டரோ போனில் இருக்கும் மீட்டர் ஆப்போ போதும்.

இனி வெளிச்சம். தஞ்சாவூர் 11 டிகிரி வட அட்சத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அந்த நேரத்தில் வெட்டவெளியில் எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள்தான் மிஞ்சும். காலை ஆறரையிலிருந்து எட்டு, மாலை நாலே முக்காலிலிருந்து ஐந்தே முக்கால். வெளியில் எடுப்பதானால் இந்த நேரங்களை விட்டு நகராதீர்கள்.

ஆனால் வெளியில் எடுக்க வேண்டிய தேவையே இல்லை. பழைய ஓட்டு வீட்டுத் திண்ணை போர்ட்ரெய்ட்டுக்கென்றே கட்டியது போல இருக்கும். மேலே கூரை இறங்கியிருப்பதால் உச்சி வெளிச்சம் வெட்டுப்படும், தெருவின் வெளிச்சம் பக்கவாட்டில் முகத்தில் விழும். வடக்குப் பார்த்த திண்ணை என்றால் பெரும்பாலான மாதங்களில் நாள் முழுக்க எடுக்கலாம். உட்காருபவரைத் தூணுக்கு அருகில், தெருவுக்கு முக்கால் பாகம் திரும்பியபடி உட்கார வையுங்கள். தெருவுக்கு முழுசாக முகம் காட்டினால் வெளிச்சம் தட்டையாகி, கன்னமும் மூக்கும் ஒரே சாம்பலாகிவிடும்.

முற்றத்தில் எடுக்கும்போது பலரும் ஆளை நடு முற்றத்தில், திறந்த வானத்துக்கு நேர் கீழே நிறுத்துவார்கள். அங்கேயும் வெளிச்சம் மேலிருந்துதான் வருகிறது, கண்குழி கறுக்கும். தாழ்வாரத்துக்குள் இரண்டு மூன்றடி தள்ளி உட்கார வைத்து முற்றத்தைச் சாய்வாகப் பார்க்கச் சொல்லுங்கள். "அம்மா, அந்தத் துளசி மாடத்தைப் பாருங்க" என்றால் போதும். கண்ணில் ஒரு வெளிச்சப் பொட்டு விழும். அது விழாத கண்ணில் உயிர் தெரியாது.

இருட்டுப் பக்கம் அதிகமாகக் கறுத்தால் எட்டு முழ வேட்டி ஒன்றை நான்காக மடித்து, கொடியில் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் மூன்றடி தூரத்தில் நிறுத்துங்கள். வேறு ரிஃப்ளெக்டர் வேண்டாம். வெள்ளையடித்த சுவர் பக்கத்தில் இருந்தால் அதுவே அந்த வேலையைச் செய்யும். முகம் ஒல்லியாகவும் எலும்பு தெரிவதாகவும் இருந்து அதை இன்னும் செதுக்கிக் காட்ட வேண்டுமென்றால் வேட்டிக்குப் பதில் கறுப்புக் கம்பளி. தண்ணீர் கட்டிய வயலோரத்தில் நின்றால் கீழிருந்தும் வானத்து வெளிச்சம் ஏறும், தாடைக்கு அடியில் நிழல் இளகும். நடவு முடிந்த முதல் இரண்டு மூன்று வாரம், பயிர் தண்ணீரை மூடுவதற்கு முன்புவரை, இது கிடைக்கும். பச்சைப் பயிரின் நிறம் முகத்தில் பட்டாலும் கறுப்பு வெள்ளையில் அது தொந்தரவில்லை. கலர் எடுப்பவர்களுக்குத்தான் அந்தத் தலைவலி.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். லைட் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக் கணக்குச் சொல்லும். வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக உட்கார்ந்திருக்கும் பெரியவரை முழுசாக மீட்டர் செய்தால், வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும். முகம் கரியாகிவிடும். கறுத்த முகத்தை மட்டும் அருகில் போய் மீட்டர் செய்தால் அதையும் நடுச் சாம்பலுக்கு ஏற்றிவிடும், அதாவது வெளுக்கும். இரண்டுக்கும் ஒரே தீர்வு உள்ளங்கை. எந்த நிறத்தவர் ஆனாலும் உள்ளங்கையின் வெளுப்பில் பெரிய வித்தியாசம் இருக்காது. நடுச் சாம்பலைவிடச் சுமார் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, கூடுதல் வெளுப்பு. முகத்தில் விழும் அதே வெளிச்சம் உள்ளங்கையிலும் விழும்படி பிடித்து, அதை மட்டும் மீட்டர் செய்து, வருவதற்கு மேல் ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுங்கள். மாநிறம் மாநிறமாகவும் கறுப்பு கறுப்பாகவும் அதனதன் இடத்தில் உட்காரும்.

இதோடு, 400 வேக (ஐ.எஸ்.ஓ.) ஃபிலிமை மீட்டரில் 200 என்று வையுங்கள். நிழல் பக்கத்துக் கன்னம், புருவத்தின் கீழ், தாடி, தலைமுடி இவற்றில் விவரம் நெகட்டிவில் பதிவாக வேண்டுமென்றால் வெளிச்சம் தாராளமாக இருக்க வேண்டும். பதியாததைப் பிறகு எந்தக் கெமிக்கலாலும் கொண்டுவர முடியாது. வெளிச்சம் கூடியதால் வேட்டியும் விபூதியும் மூக்குத்தியும் விவரமில்லாமல் வெறும் வெள்ளையாக அடைத்துக்கொள்ளாமல் இருக்க, கழுவும் நேரத்தைச் சுமார் 15 சதவீதம் குறைத்துக்கொள்வோம். நிழலை எக்ஸ்போஷர் கவனித்துக்கொள்ளும், வெளுப்பை டெவலப்பர் கவனித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் மட்டும் இதை மாற்றுங்கள். அப்போது நிழலே இருக்காது. ஃபிலிமை 400-லேயே வைத்து முழு நேரம் கழுவினால்தான் படம் சோகையாக இல்லாமல் வரும்.

ஒரு அளவுக்குச் சொல்கிறேன், 200 என்று வைத்தால்: வெட்டவெளியில் மர நிழல் என்றால் ஷட்டர் வேகம் 1/250, லென்ஸ் துளை எஃப் 4. திண்ணையில் 1/125, எஃப் 4. தாழ்வாரத்தில் 1/30, எஃப் 3.5 வரை இறங்கும், அங்கே ஸ்டாண்டும், கேமராவை ஆட்டாமல் ஷட்டரை அழுத்தும் கேபிள் ரிலீஸும் வேண்டும். இதெல்லாம் உத்தேசம்தான், மீட்டரையே நம்புங்கள். 80 மி.மீ. லென்ஸில் 1.2 மீட்டர் தூரத்தில் எஃப் 4 வைத்தால் கூர்மையாக இருப்பது ஒன்பது செ.மீ. ஆழம்தான். எஃப் 5.6-ல் அது பன்னிரண்டு செ.மீ. ஆகும். மூக்கு நுனியிலிருந்து காதோரம் வரை பிடிக்க எஃப் 5.6 வேண்டும். வெளிச்சம் விட்டால் அதை வையுங்கள், விடாவிட்டால் கேமராவுக்கு அருகில் இருக்கும் கண்ணை மட்டும் குறிவையுங்கள்.

ஃபிலிமில் எச்.பி.5 ப்ளஸ்தான் என் முதல் தேர்வு, விட்டுக் கொடுக்கும் தன்மை அதில் அதிகம். கென்ட்மியர் 400 விலை குறைவு, போர்ட்ரெய்ட்டுக்கு ஒன்றும் குறைவில்லை. ஃபோமாபான் 400-ஐ 200-க்கு மேல் நம்ப வேண்டாம். ஒரு காலத்தில் நம் உதகையிலேயே, 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் பேப்பரும் போட்டது. இப்போது எல்லாம் இறக்குமதி, விலையும் அப்படித்தான்.

ஃபிலிமுக்கு முன்னால் என்ன நிறம் வருகிறது என்பதிலும் கவனம் வேண்டும். அரக்குப் பட்டுக்குப் பச்சை பார்டர் கண்ணுக்கு எடுப்பாக இருக்கும், கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகி பார்டர் மறைந்துவிடும், ஜரிகை மட்டும் மின்னும். குங்குமம் சாதாரண ஃபிலிமில் நடுத்தரக் கறுப்பாக வரும். சிவப்பு ஃபில்டர் போட்டால் பொட்டு வெளுத்துக் காணாமல் போகும், உதடும் வெளுக்கும், தோல் மழுங்கி பொம்மை மாதிரி ஆகிவிடும். போர்ட்ரெய்ட்டுக்கு அது வேண்டாம். மஞ்சள் கலந்த பச்சை ஃபில்டர் போட்டால் குங்குமம் நன்றாகக் கறுத்து நெற்றியில் நிற்கும், உதட்டின் வடிவம் தெரியும், தோலின் சுருக்கம் ஆழமாகும். எக்ஸ்1 என்ற பச்சைக்கு வெளிச்சம் இரண்டு ஸ்டாப் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மஞ்சள் ஃபில்டருக்கு ஒரு ஸ்டாப். மஞ்சள் பூசிய முகத்துக்கு மஞ்சள் ஃபில்டர் போடாதீர்கள், பூசிய இடம் வெளுத்து முகம் திட்டுத்திட்டாகும். சிவப்பை உணராத ஆர்த்தோ ஃபிலிமும் கிடைக்கிறது. அதில் பொட்டு சுத்தக் கறுப்பு, தோல் மிகவும் கறுத்து ஒவ்வொரு துளையும் தெரியும். ஸ்தபதி, தச்சர் போன்றவர்களின் உழைத்த முகத்துக்கு அது அபாரமாக இருக்கும், இளவயதுப் பெண்ணுக்கு அவர் ஒப்புதலோடு மட்டும் எடுங்கள். இரட்டை லென்ஸ் கேமராவில் ஒரு வசதி, ஃபில்டர் கீழ் லென்ஸில் மட்டும்தான் இருக்கும், பார்க்கும் லென்ஸ் இருட்டாகாது. ஃபில்டருக்கு வெளிச்சம் கூட்ட வேண்டும் என்பது மறந்துபோவதற்கும் அதே காரணம்தான்.

படம் எடுக்கப்போகிறோம் என்றால் வீட்டில் முதலில் தேடுவது பவுடர் டப்பாவைத்தான். நேரடியாக வேண்டாம் என்றால் மனசு கஷ்டப்படும். "பாட்டி, நீங்க சாதாரணமா இருக்கறதே எனக்குப் போதும், ஈரத் துண்டால ஒரு தடவை துடைச்சுக்குங்க" என்றால் கேட்டுக்கொள்வார்கள். பவுடர் கறுப்பு வெள்ளையில் சாம்பல் படிந்தது போல வரும், முகம் ஒரு நிறம் கழுத்து ஒரு நிறமாக இருக்கும். வேர்வையைக் காய்ந்த துண்டால் ஒற்றினால் போதும். கன்னத்தில் கொஞ்சம் எண்ணெய்ப் பளபளப்பு பக்க வெளிச்சத்தில் நல்லதுதான், முகத்தின் மேடு பள்ளம் அதில்தான் தெரியும். தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயைத் துடைக்கவே துடைக்காதீர்கள்.

வெள்ளைச் சட்டை போட்டுவரும் பெரியவரிடம், முடிந்தால் தோளில் ஒரு பழைய கலர் துண்டைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கழுத்துக்குக் கீழ் வெளுப்பு உடைபடும். பின்னால் இருக்கும் சுவர் குறைந்தது ஆறடி தள்ளி இருக்க வேண்டும், சுவரின் நிறம் முகத்தைவிடக் கொஞ்சம் கறுப்பாகவோ கொஞ்சம் வெளுப்பாகவோ இருக்க வேண்டும். அதே சாம்பலாக இருந்தால் தலையின் விளிம்பு சுவரோடு கரைந்துவிடும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

பார்க்கும் லென்ஸ் மேலே, எடுக்கும் லென்ஸ் கீழே. அதனால் ஒரு மீட்டர் தூரத்தில் மேலே பார்த்ததற்கும் படத்துக்கும் சில செ.மீ. வித்தியாசம் வரும், தலை வெட்டுப்படும். ஃபோகஸ் செய்த பிறகு, ஸ்டாண்டின் நடுத்தண்டை ஐந்து செ.மீ. உயர்த்தி அழுத்துங்கள். பார்ப்பது இடவலம் மாறித் தெரியும், பழகும் வரை கேமராவை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே இருப்பீர்கள். உட்காருபவருக்கு முதுகு சாய ஒரு தூணோ சுவரோ இருக்கட்டும். சாயாமல் உட்கார்ந்தவர் மூச்சுக்கு மூச்சு இரண்டு மூன்று செ.மீ. முன்னும் பின்னும் ஆடுவார், நம் ஒன்பது செ.மீ. ஆழத்தில் அது பெரிய தொகை. "ஐயா, மூச்சை விட்டுட்டு அப்படியே இருங்க" என்று சொல்லி, விட்டு முடிந்ததும் அழுத்துங்கள். மூச்சைப் பிடிக்கச் சொன்னால் தோள் ஏறி, கழுத்து நரம்பு புடைத்துவிடும். பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகை, தாராசுரத்து மண்டபம் இரண்டும் அருமையான பக்க வெளிச்சம் தரும் இடங்கள். ஆனால் தொல்லியல் துறைக் கோயில்களில் ஸ்டாண்ட் வைக்க முன் அனுமதி வேண்டும். கையில் பிடித்து எடுப்பதானால் கழுத்துப் பட்டையைக் கீழ் நோக்கி இழுத்துப் பிடித்தால் 1/30 வரை அசையாது.

120 ஃபிலிமை மாட்டும்போதும் கழற்றும்போதும் நிழலில் நின்று செய்யுங்கள். எடுத்து முடித்த ரோலைக் கட்டைவிரலால் இறுக்கிச் சுற்றி, காகிதப் பட்டையை நனைத்து ஒட்டிவிட வேண்டும். தளர்ந்தால் இரு ஓரமும் வெளிச்சம் புகுந்து கறுக்கும்.

கழுவுவதற்கு வருவோம். இந்தப் பக்கத்தில் பாதிப் படங்கள் கெடுவது கேமராவில் இல்லை, கழுவும் இடத்தில்தான். முதல் எதிரி சேஞ்சிங் பேக், அதாவது ஃபிலிமை டேங்க் ரீலில் ஏற்றும் வெளிச்சம் புகாத பைக்குள் வேர்க்கும் கை. பத்து நிமிடத்தில் பைக்குள் ஈரம் கட்டிவிடும், பிளாஸ்டிக் ரீலில் ஃபிலிம் பாதி ஏறி ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் பிறை வடிவில் மடிப்பு விழும், கழுவினால் அதே வடிவில் கறை. ரீல் பொட்டு ஈரமில்லாமல் இருக்க வேண்டும், முந்தைய நாளே வெயிலில் காய வையுங்கள். அதிகாலையில், ஃபேன் ஓடும் அறையில் செய்யுங்கள். ஃபிலிமின் முன் ஓரத்து இரண்டு மூலைகளையும் லேசாக வெட்டி உருட்டிவிட்டால் ரீலில் இடிக்காது. ஒட்டிக்கொண்டால் ஃபிலிமை டேங்குக்குள் வைத்து மூடி, கையை வெளியே எடுத்துத் துடைத்து, ரீலையும் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

அடுத்தது தண்ணீர். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பு. உள்ளே வந்தாலும் பல இடங்களில் கடினத் தண்ணீர். அதில் டெவலப்பர் கரைத்தால் வெள்ளையாகத் திப்பி இறங்கி, ஃபிலிமில் புள்ளி புள்ளியாக ஒட்டும். கெமிக்கல் கரைக்கக் கேன் தண்ணீர், கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். நடுவில் அலசக் குழாய்த் தண்ணீர் போதும், நாலாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள், மெல்லிய வண்டல் மணல் ஈர ஃபிலிமில் பதிந்தால் போகாது.

டெவலப்பர், அதாவது பதிந்த படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல், டி-76. நீங்களே கலக்கலாம்: 50 டிகிரி சூட்டில் 750 மி.லி. தண்ணீர், அதில் மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், இதே வரிசையில், ஒன்று கரைந்த பிறகே அடுத்தது. பிறகு ஒரு லிட்டர் ஆகும்வரை தண்ணீர். வரிசையை மாற்றி சல்ஃபைட்டை முழுசாக முதலில் போட்டால் மெட்டால் கரையாமல் அடம் பிடிக்கும். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும், கையுறை போடுங்கள். ஒரு நாள் வைத்திருந்து பயன்படுத்துங்கள். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி மூடி, நம் ஊர்ச் சூட்டுக்கு இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். டீ நிறத்துக்கு வந்துவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான்.

புத்தகத்தில் இருக்கும் நேரமெல்லாம் 20 டிகிரிக்கு. நம் தொட்டித் தண்ணீர் 28-லிருந்து 32 வரை இருக்கும். 20-க்கு இறக்குவதற்காகப் போராட வேண்டாம், 24 போதும். பத்து லிட்டர் 30 டிகிரித் தண்ணீரை 24-க்குக் கொண்டுவர அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல் ஐஸ் தேவை. ஃப்ரீசரில் உறைய வைத்த ஒரு லிட்டர் பாட்டிலை அண்டாவில் மிதக்க விட்டு, அந்தத் தண்ணீருக்குள் எல்லா கெமிக்கல் பாட்டிலையும் நிறுத்துங்கள். சித்திரை வைகாசியில் மண்பானைத் தண்ணீரே சில டிகிரி இறங்கியிருக்கும், அடைமழை மாதத்தில் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் பானை குளிராது. எச்.பி.5-ஐ டி-76 ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து கழுவ 20 டிகிரியில் 11 நிமிடம், 24-ல் சுமார் 8 நிமிடம். 200 என்று எடுத்த ரோலுக்கு 15 சதவீதம் குறைத்து 6 நிமிடம் 45 விநாடி. 30 டிகிரியில் அப்படியே கழுவப் போனால் நேரம் ஐந்து நிமிடத்துக்கும் கீழே போகும். ஊற்றும்போதும் கொட்டும்போதும் ஏற்படும் சில விநாடி வித்தியாசமே முகத்தில் மேகம் மாதிரி திட்டாக விழும்.

 

பேட்டர்சன் டேங்கில் ஒரு 120 ரோலுக்கு 500 மி.லி. வேண்டும். ஊற்றியதும் பத்து விநாடியில் நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள், டேங்கைத் தரையில் ஒரு தட்டு தட்டுங்கள், இல்லாவிட்டால் காற்றுக் குமிழ் ஒட்டிய இடத்தில் வட்ட வட்டமாகக் கறுப்புப் பொட்டு பிரிண்டில் வரும். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் பத்து விநாடி, நான்கு முறை. ஆட்டுவது கூடினால் வெளுப்பு ஏறிப் போகும், வேட்டி மடிப்பெல்லாம் அடைபடும். டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத்துக்கு மளிகைக் கடை வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, அரை நிமிடம்.

படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்சர் கலப்பதானால்: 600 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) 240 கிராம், பிறகு சல்ஃபைட் 15 கிராம், 28 சதவீத அசிட்டிக் அமிலம் 48 மி.லி., போரிக் அமிலம் 7.5 கிராம், படிகாரம் 15 கிராம், கடைசியில் ஒரு லிட்டராக்குங்கள். ஹைப்போ கரையும்போது தண்ணீர் ஜில்லென்று இறங்கிவிடும், அதனால்தான் வெதுவெதுப்பு. சல்ஃபைட் கரைவதற்கு முன் அமிலத்தை ஊற்றினால் கந்தகம் பிரிந்து பால் மாதிரி ஆகிவிடும், அதைக் காப்பாற்ற வழியில்லை. படிகாரம் ஜெலட்டினை இறுக்கும், குழாயில் வெதுவெதுப்பான தண்ணீர் ஓடும் ஊரில் அது பெரிய உதவி. எவ்வளவு நேரம் வைப்பது என்பதற்கு கழுவாத 35 மி.மீ. ஃபிலிம் வெட்டுத் துண்டு ஒன்றை அதில் போட்டுப் பாருங்கள். பால் நிறம் போய்த் தெளிவாவதற்கு எடுக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு வையுங்கள். புதிதாகக் கலந்தபோது எடுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆகத் தொடங்கினால் அந்த ஃபிக்சர் முடிந்தது.

அலசல் தண்ணீரும் 24-ஐ ஒட்டியே இருக்கட்டும். 24-லிருந்து எடுத்த ஃபிலிமை 32 டிகிரிக் குழாயில் காட்டினால் ஜெலட்டின் சுருங்கி விரிந்து, படத்தில் வலை வலையாக வெடிப்பு விழலாம். படிகாரம் போட்ட ஃபிக்சர் சீக்கிரம் போகாது, தண்ணீரை மாற்றி மாற்றி 20-லிருந்து 30 நிமிடம் அலசுங்கள். கடைசியில் டிஸ்டில்டு வாட்டரில், தண்ணீர் திட்டாக நிற்காமல் வழியச் செய்யும் வெட்டிங் ஏஜெண்ட் இரண்டு சொட்டு. விரலால் வழிக்காதீர்கள்.

காய வைக்கும்போது வரும் வில்லங்கம் ஊருக்கே உரியது. சம்பாப் பயிர் நிற்கும் மாதங்களில் பொழுது சாய்ந்ததும் விளக்கு எரியும் அறைக்குள் தத்துப்பூச்சியும் புகையானும் படையெடுக்கும். ஒன்று ஈர ஃபிலிமில் உட்கார்ந்தாலும் கால் ஜெலட்டினில் பதிந்து எடுக்க வராது. விளக்கை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசி அடங்கிய குளியலறையில் தொங்க விடுங்கள். கீழே ஒரு கிளிப் கனத்துக்கு. ஃபேன் வேண்டாம்.

நல்ல நெகட்டிவ் என்றால், எழுத்துள்ள காகிதத்தின் மேல் பிடித்தால் வேட்டிப் பகுதியின் ஊடேகூட எழுத்து மங்கலாகத் தெரிய வேண்டும், முகத்தின் நிழல் பக்கம் வெறும் கண்ணாடியாக இல்லாமல் ஏதாவது இருக்க வேண்டும். பிரிண்ட் போடும்போது நடுத்தரக் கான்ட்ராஸ்ட் தரும் கிரேடு 2 பேப்பரில் தொடங்கி, நெற்றி வெளிச்சத்துக்கு டெஸ்ட் ஸ்டிரிப் (பல நேர அளவுகளில் வெளிச்சம் காட்டிய சோதனைத் துண்டு) போடுங்கள். காய்ந்த பிறகு பிரிண்ட் கொஞ்சம் கறுக்கும், கறுத்த முகத்தில் இது நன்றாகவே தெரியும். ஈரத்தில் பார்த்துச் சரி என்று தோன்றுவதைவிட ஐந்து சதவீதம் குறைவாக வெளிச்சம் கொடுங்கள். முகம் வெளுத்திருந்தால் நன்றாக இருக்கும் என்று வீட்டார் கேட்பார்கள். கேட்டால் இரண்டு பிரிண்ட் போட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

கேமராவை அரிசி டப்பாவுக்குள் வைக்கும் பழக்கம் இருக்கிறது. தவிட்டுத் தூசி ஷட்டருக்குள் போவதுதான் அதில் மிச்சம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் நீல சிலிக்கா ஜெல், அது ரோஸ் நிறமானால் வாணலியில் மெதுவாகச் சூடாக்கி நீலத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம், சமையலுக்கு எடுக்காத தனி வாணலி. தோல் உறையில் வைத்து மூடாதீர்கள், பூஞ்சை அங்கிருந்துதான் லென்ஸுக்குப் போகிறது. ஃபிரிட்ஜில் வைத்த ஃபிலிமை உறையோடு வெளியே எடுத்து இரண்டு மணி நேரம் கழித்தே பிரியுங்கள்.

கடைசியாக, தீர்ந்த ஃபிக்சர். இதில் ஃபிலிமிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கிறது, மீனுக்கும் நீரில் வாழும் சின்ன உயிர்களுக்கும் அது விஷம். இங்கே கொல்லைப்புறத்துச் சாக்கடை வாய்க்காலில் சேரும், வாய்க்கால் வயலில் சேரும். ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து வையுங்கள். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் ஒரு கைப்பிடியை அதில் போட்டு ஒரு வாரம் விட்டால் வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் படியும். இன்னும் ஃபிலிமில் எக்ஸ்ரே எடுக்கும் இடங்களில் பழைய ஹைப்போவை வெள்ளிக்காக வாங்கிப் போகிறவர்கள் வருவதுண்டு, அங்கே விசாரித்தால் உங்கள் வாளியையும் எடுத்துக்கொள்ளக்கூடும்.